மூன்றாவது மாடிக்கு ஒரு மனு

சாவியக்காவின் வாழ்க்கையை யாராவது எழுத வந்தால், அவள் பிறந்தது, வளர்ந்தது, மூன்று வயதில் காய்ச்சல் வந்து இரண்டு கால்களும் செயலிழந்தது என்று ஒழுங்காகத்தான் தொடங்குவார்கள். எழுதட்டும், பாவம். ஆனால் அசல் சாவியக்காவைப் பார்க்க வேண்டுமென்றால், அந்தப் புதன்கிழமை பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு நகராட்சி அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் நின்றிருக்க வேண்டும். பதினோரு வருடமாகப் போராடிய கோரிக்கைக்கு ஆணை போட்டாகிவிட்டது. ஆணை மூன்றாவது மாடியில் தயாராக இருக்கிறது. அது கீழே வர முடியாதபடி படிக்கட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் அவளுடைய சொந்த ஆட்கள். ஐம்பத்தேழு படி, ஐம்பத்தேழு பேர், படிக்கு ஒருவர்.

யார் குற்றம் என்று கேட்டால் சாவியக்காவின் குற்றம்தான். ஆனால் அதைச் சொல்வதற்குமுன் ஆளைப் பற்றி இரண்டு வார்த்தை.

அலுவலகத்துக்கு எதிரே பூட்டு ரிப்பேர் செய்து, சாவி போட்டுக் கொடுக்கிற கடை அவளுடையது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரப் பெட்டி, சாவி வெட்டுகிற இயந்திரம் ஒன்று, ஆணிகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பல் வெட்டாத சாவிகள், நடுவில் அவளுடைய சக்கர நாற்காலி. சாவியைத் தொலைத்தவர்கள் அவளிடம் வராமல் வேறு எங்கே போவார்கள்? வந்தவர்கள் யாரும் சாவியோடு மட்டும் திரும்பிப் போனதில்லை. இயந்திரம் கிர்ரென்று ஓடி நிற்பதற்குள், உங்கள் தெருவில் தண்ணீர் வருகிறதா, ஆஸ்பத்திரியில் மரியாதையாகப் பேசினார்களா, வேலையிடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்டு, ஆளைச் சங்கத்தில் சேர்த்துவிட்டிருப்பாள். அப்படிச் சேர்ந்தவர்கள் முந்நூறு பேர்.

இனி லிஃப்ட் விஷயம். மனு வாங்குகிற இடம் மூன்றாவது மாடி. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் வேண்டும் என்று கேட்பதானால், மனுதாரர் நேரில் மூன்றாவது மாடிக்கு வந்து மனு கொடுக்க வேண்டும் என்பது விதி. இதை முதல் தடவை கேட்டபோது சாவியக்கா ஐந்து நிமிடம் விடாமல் சிரித்தாள். சிரித்து முடித்ததும் போராட்டம் தொடங்கியது.

தொடக்கத்தில் அலுவலக உதவியாளர்கள் இரண்டு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்குகிறது என்று இறக்கி வைத்துவிட்டு, இதோ வருகிறோம் என்று டீ குடிக்கப் போனவர்கள், ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார்கள். அந்த ஒரு மணி நேரமும் மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் அவள் அந்தத் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர் போகிறவர் எல்லாம் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன அலமாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துச் சுற்றிக்கொண்டு போனார்கள். அன்று ஒரு வழியாக மேலே போய் மனு கொடுத்ததோடு சரி. இனி என்னை யாரும் தூக்கக் கூடாது, நானாகப் போகும்போது போகிறேன் என்று சொல்லிவிட்டாள். வைராக்கியம் என்றால் அப்படி ஒரு வைராக்கியம்.

அடுத்து, சாவியக்கா தன் ஆட்களுக்குப் போட்ட விதி. இதுதான் எல்லா வினைக்கும் காரணம். ஆறு வருடத்துக்கு முன்னால் அப்போதிருந்த அதிகாரி ஒருவர், போராட்டத்தின் நடுவே ஒரு காகிதத்தைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தார். ஆணை கையெழுத்தாகிவிட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்றார். கைதட்டல் என்ன, விசில் என்ன! அந்தக் காகிதத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான்கு தெரு ஊர்வலம் போனார்கள். ஐந்தாவது தெருவில் யாரோ அதைப் பிரித்துப் பார்த்தார்கள். மூத்த எழுத்தர் ஒருவர், வயிறு சரியில்லை, மூன்று நாள் விடுப்பு வேண்டும் என்று எழுதியிருந்த விண்ணப்பம் அது.

அன்று சாவியக்கா அவமானத்தில் வெந்துபோனாள். அடுத்த கூட்டத்திலேயே விதி பிறந்தது. எந்தக் காகிதம் வந்தாலும் போராட்டத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் அதைத் தன் கண்ணால் முழுக்கப் படிக்க வேண்டும். படிக்காமல் அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது. எல்லோரும் படித்து முடிக்கிறவரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. இதோடு விட்டாளா? விடவில்லை. "நானே வந்து எழுந்திருங்கன்னு சொன்னாலும் எழுந்திருக்கக் கூடாது" என்றும் சேர்த்துக்கொண்டாள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் கடையிலேயே வகுப்பும் நடத்தினாள்.

அந்தப் புதன்கிழமை அதிகாரிக்கு வேலையில் கடைசி நாள். ஐந்து மணிக்கு ஓய்வு. இவருக்குமுன் நான்கு பேர் மாறிப் போயிருக்கிறார்கள். ஒவ்வொருவர் போனதும் புதிதாக வந்தவர் கோப்பை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். ஆகவே இவர் போவதற்குள் ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும் என்று, நடக்க முடிகிறவர்கள் படிக்கு ஒருவராக உட்கார, நாற்காலிக்காரர்கள் ஆறு பேர் கீழ்த்தளத்தில் காத்திருக்க, மதியம் பன்னிரண்டு மணிக்குப் போராட்டம் தொடங்கியது. அதிகாரியோ நல்ல மனிதர். சிக்கலே அதுதான். போகிற நாளில் ஒரு நல்லது செய்துவிட்டுப் போவோம், கடைசி நிமிடம்வரை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்து சந்தோஷப்படுத்துவோம் என்று அவர் ஒரு வாரமாக ரகசியமாக அந்த ஆணையைத் தயாரித்துக்கொண்டிருந்தார்.

படிக்கட்டின் நடுவே கிணறு மாதிரி ஒரு வெற்றிடம் உண்டு. கீழே நின்று அண்ணாந்தால் மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவர்வரை தெரியும். அங்கேயிருந்து அதிகாரியின் வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது.

"அம்மா! லிஃப்டுக்கு ஆர்டர் போட்டாச்சு! நீங்க என் முன்னாடி ஒரு கையெழுத்து போட்டா போதும், முடிஞ்சுது!"

ஒருவரும் கைதட்டவில்லை. உச்சிப் படியில் உட்கார்ந்திருந்த தபால் அண்ணன் மட்டும் திரும்பிப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவர். சம்பளம் கேட்டு நின்ற துப்புரவுத் தொழிலாளர்களுக்காக ஒரு தடவை ஏழு நாள் பட்டினி கிடந்தவர்.

"போன தடவையும் இப்படித்தான் சார் சொன்னாங்க. பேப்பரக் குடுங்க, பாத்துக்கறோம்."

"ஐயா, நானே கீழ கொண்டுபோய்க் குடுக்கறேன். கொஞ்சம் நகருங்க."

"உங்க மேல மரியாதை இருக்கு சார். ஆனா நகர முடியாது."

கீழே சாவியக்கா மணியைப் பார்த்தாள். ஐந்து மணிக்குள் கையெழுத்து விழாவிட்டால் நாளைக்கு வருகிற புது அதிகாரி மறுபடி முதல் பக்கத்திலிருந்து. அவளுக்கு இப்போது வயது ஐம்பத்தெட்டு. இன்னொரு பதினோரு வருடத்துக்கு அவளிடம் பொறுமை இருந்தது, உடம்பு இருக்குமா என்பதுதான் தெரியவில்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினாள்.

"எல்லாரும் எழுந்திருங்க! சாருக்கு வழி விடுங்க!"

மூன்று மாடியும் எதிரொலித்தது. ஒரு ஆள்கூட அசையவில்லை. பாதி வழியில் உட்கார்ந்திருந்த டெலிபோன் அக்கா, எங்கேயிருந்து குரல் வருகிறது என்று தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, கைப்பிடிச் சுவருக்கு மேலாக முகத்தை நீட்டினாள். பார்வையில்லாத அவள், கண் தெரியாதவர்களை டெலிபோன் வேலையில் எடுக்க வைத்து அதில் முதல் ஆளாகச் சேர்ந்தவள்.

"அக்கா, நீங்களே சொன்னாலும் எழுந்திருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது அப்ப சொன்னது! இப்ப நான்தானே சொல்றேன்!"

"அப்பவும் நீங்கதான் சொன்னீங்க."

மாடிக்கு மாடி ஆமாம் ஆமாம் என்று ஆமோதிப்பு. சாவியக்காவுக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் பெருமை. எப்படிப்பட்ட ஆட்களைப் பழக்கி வைத்திருக்கிறேன் என்று பூரிப்பதா, இவர்கள் என் கழுத்தை அறுக்கிறார்களே என்று அழுவதா? இரண்டுக்கும் நேரமில்லாததால் கணக்கு டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

கணக்கு டீச்சர் கீழேயிருந்து மூன்றாவது படி. பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, அதற்காக இரண்டு தடவை வேலையை இழந்து, இரண்டு தடவையும் வழக்குப் போட்டுத் திரும்பி வந்தவள். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு பக்க ஆர்டர். எழுபது நிமிஷம் இருக்கு. ஆளுக்கு ஒரு நிமிஷம், அதுக்கு மேல போனா அம்போ. தொண்டையக் கனைக்கிறதுக்கெல்லாம் நேரமில்ல."

காகிதம் புறப்பட்டது.

தபால் அண்ணன் முகவரியிலிருந்து படிக்கிற ஆள். அனுப்புநர், பெறுநர், தேதி, எண் எல்லாவற்றையும் சரிபார்த்து, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, அஞ்சல் முத்திரை இல்லையே என்று ஒரு கணம் திகைத்து, பிறகு கொடுத்தார். அடுத்தவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. அவருக்கு அடுத்தவருடைய கண்ணாடி பொருந்தியது. அந்தக் கண்ணாடி அதற்குப் பிறகு காகிதத்தோடு சேர்ந்து ஒன்பது படி இறங்கியது. ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் தோளுக்கு மேலாக இரண்டு பேர் எட்டிப் படித்து நேரத்தை மிச்சம் பிடித்தார்கள். டெலிபோன் அக்காவுக்குப் பக்கத்துப் படிக்காரர் வாசித்துக் காட்டினார். பாதியில் நிறுத்தி, "அண்ணே, நடுவுல ஒரு வாக்கியத்த முழுங்கிட்டீங்க, மறுபடி வாங்க" என்றாள். முழுங்கியது உண்மைதான். லிஃப்டில் எந்த மாடி என்று குரலில் சொல்கிற வசதி இருக்கும் என்ற வாக்கியம். அதைக் கேட்டதும் அவள் படியில் உட்கார்ந்தபடியே ஒரு ஆட்டம் போட்டாள்.

"இருக்கா? பேசுமா? அக்கா, லிஃப்ட் பேசுமாம்!"

அதோடு மற்றவர்களுக்கும் ஜுரம் பிடித்துக்கொண்டது. படித்து முடித்தவர்கள் மேலேயிருந்து கத்தத் தொடங்கினார்கள். கதவு அகலமாம்! பொத்தான் எல்லாம் உட்கார்ந்தபடியே எட்டுமாம்! ஆறு மாதத்தில் முடித்தாக வேண்டுமாம்! ஒவ்வொரு செய்திக்கும் கீழே நாற்காலிக்காரர்கள் ஓ என்று கூவினார்கள். மேலே அதிகாரியின் அறையில் பிரிவுபசாரத்துக்கு வாங்கி வைத்திருந்த கேக்கை மறந்துவிட்டு எழுத்தர்களும் கைப்பிடிச் சுவரில் வந்து தொங்கினார்கள். அதிகாரிக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனால் முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை. தான் எழுதிய ஆணையை இத்தனை பேர் இத்தனை ஆசையாகப் படித்து அவர் தன் வேலைக்காலத்தில் பார்த்ததே இல்லை.

நாலு முப்பத்தெட்டுக்குக் காகிதம் கீழேயிருந்து ஒன்பதாவது படிக்கு வந்து சேர்ந்தது. ஒன்பதாவது படியில் உட்கார்ந்திருந்தவர் சாவியக்காவின் கணவர்.

ஆஸ்பத்திரிச் சமையல்காரர். நானூறு நோயாளிகளுக்கு உப்புக் குறைத்துச் சமைத்துச் சமைத்து, வீட்டில் உப்புப் போடவே மறந்துபோனவர். சமையலறைப் பெண்களுக்கு உட்கார ஒரு பெஞ்சு வேண்டும் என்று கேட்டு, கிடைக்கிறவரை நானும் உட்கார மாட்டேன் என்று எட்டு மாதம் நின்றே வேலை பார்த்தவர். ஐம்பது வயதில் சாவியக்காவிடம்தான் எழுத்துக் கற்றுக்கொண்டார். அவள் வகுப்பிலேயே அவளிடம் மக்கு என்று வாய்விட்டுத் திட்டு வாங்கிய ஒரே மாணவர். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் அவளை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. எதைக் கேட்டாலும், "நீ சொன்னா சரி."

அவர் நிதானமாகச் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். ஊதினார். துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மறுபடி துடைத்தார். காகிதத்தை மடியில் வைத்து, ஆள்காட்டி விரலை முதல் எழுத்தின்கீழ் ஊன்றி, உதடு அசையத் தொடங்கினார்.

"இந்… த… ஆ… ணை…"

"ஐயோ" என்றாள் கணக்கு டீச்சர். மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, விடையைச் சொல்லாமல் இருப்பதே நல்லது என்று விட்டுவிட்டாள்.

நாலு நாற்பது. நாலு நாற்பத்திரண்டு. விரல் முதல் பக்கத்தின் பாதியைத் தாண்டவில்லை. ஒரு நீளமான வார்த்தையில் ஏறி, வழுக்கி, திரும்பவும் அடியிலிருந்து ஏறியது. சாவியக்கா நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். பல்லைக் கடித்தாள். பதினோரு வருடம் அவள் கண்முன்னால் ஒருவருடைய ஆள்காட்டி விரலின்கீழ் நகர்ந்துகொண்டிருந்தது. அவளால் தாங்க முடியவில்லை.

"ஏங்க! பரவாயில்ல, படிச்சது போதும். கைமாத்தி விடுங்க!"

ஐம்பத்தாறு தலைகள் அவள் பக்கம் திரும்பின. சமையல்காரரும் விரலை எடுக்காமல் நிமிர்ந்தார்.

"என்ன சொன்ன?"

"நேரமாச்சுங்க. படிக்காம குடுங்கன்னு சொன்னேன்."

"முடியாது" என்றார்.

சாவியக்காவுக்குக் காது கேட்பதில் ஏதோ கோளாறு என்று தோன்றியது.

"படிக்கக் கத்துக்குடுத்ததும் நீதான். இப்ப படிக்காதேன்னு சொல்றதும் நீதான். அப்ப சொன்னதுதான் எனக்குச் சரியாப் படுது" என்றார் அவர் மெதுவாக. "அவசரப்பட்டுத்தானே அன்னைக்கு எவனோட வயித்து வலியையோ தூக்கிட்டு ஊர்வலம் போனோம்? நீ வாய மூடிட்டு இரு. எடம் மறந்துபோச்சு பாரு."

விரல் மறுபடி வரியின் தொடக்கத்துக்குப் போயிற்று.

சாவியக்காவின் முகம் சிவந்து காதெல்லாம் எரிந்தது. வெட்கம் என்றால் பிடுங்கித் தின்கிற வெட்கம். கடைக்கு வருகிறவர்களையெல்லாம், படிக்காமல் கையெழுத்துப் போடுவீர்களா, படிக்காமல் போடுவீர்களா என்று வறுத்தெடுத்தவள் அவள். அவள் வாயிலிருந்தா இது வந்தது? அதுவும் ஐம்பத்தேழு பேர் முன்னால், அவரைப் பார்த்து. டீச்சர் ஆதரவாக ஏதோ சொல்ல வந்தாள். சாவியக்கா கையைக் காட்டித் தடுத்துவிட்டாள்.

நாலு நாற்பத்தேழு. விரல் இரண்டாம் பக்கத்தின் நடுவில் நின்றது. ஓரங்குலம் பின்னால் போனது. மறுபடி அதே இடத்தில் நின்றது.

"ஏம்மா" என்றார் சமையல்காரர்.

"என்னங்க?"

"லிஃப்டுக்குப் போக மூணு படி ஏறணுமாம்."

"என்னது?"

அவர் உரக்கப் படித்தார். எழுத்து எழுத்தாக, ஒன்றையும் விழுங்காமல். "கட்டடத்தின் பின்புற வராந்தாவில், தரையிலிருந்து மூன்று படிகள் ஏறியதும், இடப்பக்கச் சுவரை ஒட்டி மின்தூக்கி அமைக்கப்படும்."

மேலே நாற்பத்தெட்டுப் பேர் அதே வரியைப் படித்திருந்தார்கள். தபால் அண்ணன் படித்தார், டெலிபோன் அக்கா இரண்டு தடவை கேட்டாள், அதிகாரியே எழுதினார். எல்லோரும் நடந்து ஏறி வந்தவர்கள். மூன்று படி அவர்களுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும், எந்தக் கடைக்குப் போனாலும், இவளைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று வாசலில் நின்று முதலில் படியை எண்ணுகிற பழக்கம் சமையல்காரர் ஒருவருக்குத்தான் இருந்தது. இருபத்தாறு வருடப் பழக்கம் அது.

முதலில் சிரித்தது சாவியக்காதான். சின்னதாகத் தொடங்கி, அடக்கப் பார்த்து, முடியாமல், நாற்காலியே குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். லிஃப்ட் கேட்க மாடி ஏற வேண்டும் என்றார்கள், லிஃப்டே வந்தாலும் அதில் ஏறப் படி ஏற வேண்டுமாம்! நாற்காலிக்காரர்கள் ஆறு பேருக்கும் அது தொற்றிக்கொண்டது. படிக்குப் படி சிரிப்பு மேலேறிப் போய் மூன்றாவது மாடியில் எழுத்தர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதிகாரி தலையில் படீரென்று அடித்துக்கொண்டார்.

"அம்மா, மன்னிச்சிருங்க! வரைபடத்த நான் சரியாப் பாக்கல. ஆனா மணி நாலு அம்பது! இப்ப கையெழுத்தப் போடுங்க, அத அப்புறம் திருத்திக்கலாம். மூணே மூணு படிதானே!"

"எனக்கு மூணு படியும் அம்பத்தேழு படியும் ஒண்ணுதான் சார்" என்றாள் சாவியக்கா. சிரிப்பில் வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். சொன்ன பிறகு அவளுக்குப் பயமாகவும் இருந்தது. இதோ கைக்கு வந்ததைத் தட்டி விடுகிறோமே என்ற பயம். அதனால் அண்ணாந்து கேட்டாள். "நீங்கல்லாம் சொல்லுங்க. இப்பவே போட்டுரலாமா? இல்ல, திருத்தித்தான் தரணுமா? திருத்தணும்கிறவங்க கை தூக்குங்க."

ஐம்பத்தேழு கை. கீழே ஆறு. மேலே அதிகாரியின் பின்னால் நின்றிருந்த அலுவலக உதவியாளரும் யோசிக்காமல் கையைத் தூக்கிவிட்டு, அதிகாரி திரும்பிப் பார்த்ததும் தலையைச் சொறிவதுபோலப் பாவனை செய்தார்.

அதிகாரி ஒரு நிமிடம் வழுக்கையைத் தடவினார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"அஞ்சு மணி வரைக்கும் நான்தான் அதிகாரி. அனுப்புங்க அத மேல!"

படித்தவர்கள் மறுபடி படிக்க வேண்டியதில்லை என்று டீச்சர் தீர்ப்புச் சொன்னாள். காகிதம் பறந்தது. கை, கை, கை என்று அத்தனை கை மாறி இருபது விநாடியில் மூன்றாவது மாடி. அதிகாரி கைப்பிடிச் சுவர்மேலேயே வைத்துத் தவறான வரியை அடித்து, மேலே புதிதாக எழுதி, பக்கத்தில் கையொப்பமிட்டு, முத்திரை எங்கே முத்திரை எங்கே என்று கூச்சல் போட்டார். கேக் பெட்டிக்கு அடியிலிருந்து முத்திரையைக் கண்டெடுத்துக் குத்தினார்கள்.

காகிதம் கீழே இறங்கத் தொடங்கியது. புதிய வரி எல்லோருக்கும் புதியதுதான், ஆகவே எல்லோரும் படித்தாக வேண்டும். தபால் அண்ணன் உரக்கப் படித்தார். "முன்வாசலில், தரைமட்டத்தில், படி ஏதுமின்றி." அடுத்தவரும் உரக்கப் படித்தார். அதற்கடுத்தவரும். ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் தொடங்க, தரைமட்டத்தில், தரைமட்டத்தில் என்று ஐம்பது குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து இறங்கி வந்தன. ஒன்பதாவது படியில் மட்டும் எல்லாம் நின்றது. விரல் ஊன்றியது. உதடு அசைந்தது. சமையல்காரர் முழுதாகப் பதினெட்டு விநாடி எடுத்துக்கொண்டு, "ம், இப்ப சரி" என்று கொடுத்தார்.

அவருக்குக் கீழே இருந்த எட்டுப் பேரும் நாற்காலிக்காரர்களும் ஒரே குவியலாகத் தலையோடு தலை முட்டிப் படித்தார்கள். விடைத்தாள் திருத்திப் பழகிய டீச்சர் முடித்ததும் முடிக்காததுமாகப் பக்கத்தைத் திருப்பப் போக, நான்கு பேர் அவள் கையைத் தட்டிவிட்டார்கள். கடைசியாகச் சாவியக்கா தானும் படித்தாள். ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். மணி நாலு ஐம்பத்தேழு.

கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு கட்டம் இருந்தது. "படித்துப் புரிந்துகொண்டேன்" என்று மனுதாரர் தன் கையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவள் பேனாவை வாங்கினாள். ஒரு கணம் யோசித்தாள். ஏதோ எழுதினாள், கையெழுத்துப் போட்டாள்.

"பாத்துட்டேன்!" என்று மேலேயிருந்து அதிகாரி பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார். "என் கண்ணால பாத்துட்டேன்! நாலு அம்பத்தெட்டு! எல்லாரும் சாட்சி!"

அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் யார் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. டெலிபோன் அக்கா பக்கத்துப் படிக்காரரைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நாற்காலிக்காரர்கள் கீழ்த்தளத்தில் வட்டமடித்தார்கள். அதிகாரி தன் பிரிவுபசாரக் கேக்கை வெட்டாமலே பிய்த்துப் பிய்த்து உச்சிப் படியிலிருந்து கைக்குக் கை அனுப்பத் தொடங்கினார். அதை மட்டும் யாரும் படித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

"போதும், எல்லாரும் எழுந்திருங்க! ஜெயிச்சாச்சு!" என்றாள் சாவியக்கா.

"எப்படிக்கா எழுந்திருக்கறது?" என்றார் உச்சிப் படியிலிருந்து தபால் அண்ணன். "நீங்க என்ன எழுதினீங்கன்னு நாங்க இன்னும் படிக்கலயே?"

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு காகிதத்தை டீச்சரிடம் கொடுத்தாள். டீச்சர் அந்தக் கட்டத்தைப் படித்தாள். வாய்விட்டுப் படிக்கவில்லை. சாவியக்காவை ஒரு தடவை பார்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேலே கொடுத்தாள். அடுத்தவரும் சத்தமில்லாமல் படித்துவிட்டுக் கொடுத்தார். என்ன, என்ன என்று மேலேயிருந்து கேட்டார்கள். காகிதம் ஒன்பதாவது படிக்குப் போய்ச் சேர்ந்தது.

சமையல்காரர் மீசையில் ஒட்டியிருந்த கேக்கைத் துடைத்தார். கண்ணாடியை ஊதினார், துடைத்தார், போட்டுக்கொண்டார். விரலை ஊன்றினார்.

"ப… டித்… தேன்… பு… ரி… ய… வைத்… தவர்…"

அதற்குமேல் இரண்டே வார்த்தை இருந்தது. அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நிமிர்ந்து கீழே அவளைப் பார்த்தார். சரியாகத்தான் படித்தோமா என்று சந்தேகம் வந்ததுபோலக் காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"என் கணவர்" என்று முடித்தார்.

மேலே ஐந்து மணி அடித்தது. நாற்பத்தெட்டுப் பேர் இன்னும் காத்திருந்தார்கள். அவரோ காகிதத்தைக் கொடுக்காமல், விரலை மறுபடி முதல் எழுத்துக்குக் கொண்டுபோய் ஊன்றி, அதே வரியை இன்னொரு தடவை படிக்கத் தொடங்கினார். சாவியக்கா கேக்கை வாயில் போட்டுக்கொண்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.